ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்கு எந்த வினை? பெயர்ச்சொல்லிடம் கேளுங்கள்

கேள்வி இதுதான். ஈரோட்டுப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர், இப்போது பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சப்போர்ட் டீமில் இருக்கிறீர்கள். டென்ஸ் தெரியும், சொற்களும் போதுமான அளவு தெரியும். ஆனாலும் உங்கள் மெயிலில் டீம் லீட் வினைச்சொல்லை மட்டும் மாற்றிவிடுகிறார். 'டிட் எ மிஸ்டேக்' என்று எழுதினால் 'மேட் எ மிஸ்டேக்' ஆகிறது. 'புட் எ மெயில்' என்றால் 'சென்ட் எ மெயில்'. 'சர்வர் பிகேம் டவுன்' என்றால் 'வென்ட் டவுன்'. 'மேக்', 'டூ', 'டேக்', 'கெட்', 'கோ' இவற்றை எங்கே போடுவது என்று ஒரு விதி சொல்லுங்கள் என்கிறீர்கள்.

நீங்கள் கேட்கிற வடிவத்தில் விதி கிடையாது. 'மேக்' எங்கெல்லாம் வரும் என்று வினைப் பக்கத்திலிருந்து தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், பிடி கிடைக்காது. பெயர்ச்சொல் பக்கத்திலிருந்து தேடினால் கிடைக்கும். 'மிஸ்டேக்'குக்கு 'மேக்', 'க்ரைம்'முக்கு 'கமிட்', 'அட்டென்ஷன்'னுக்கு 'பே', 'ரிஸ்க்'குக்கு 'டேக்' அல்லது 'ரன்'. வினையைத் தேர்ந்தெடுப்பது நாம் இல்லை, அந்தப் பெயர்தான்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கோலம், கணக்கு, கையெழுத்து, ஓட்டு, சண்டை என்று எல்லாவற்றையும் போடுகிறோம். பக்கத்து சீட்டில் இருக்கும் இந்திக்காரர் தமிழ் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து 'போடு'வுக்கு விதி கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'கீழே வை' என்ற பொருள் கோலத்துக்கு ஓரளவு ஒட்டும், சண்டைக்கு ஒட்டாது. அவர் தைரியமாக 'மழை வருது, குடை போடு' என்றால் நமக்குச் சிரிப்பு வரும். குடை பிடிக்க வேண்டும். பசி எடுக்கும், தூக்கம் வரும், வெயில் அடிக்கும், மின்னல் வெட்டும். இதையெல்லாம் யாரும் நமக்கு விதியாகச் சொல்லித் தரவில்லை. ஜோடி ஜோடியாகவே காதில் விழுந்து பழகிவிட்டது.

தமிழ் இலக்கணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்று ஒரு நூற்பா இருக்கிறது. வெவ்வேறு வினை கொள்ளும் பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் இருந்தால், அதில் ஒரு பொருளுக்கு மட்டும் உரிய வினையை அந்தப் பொதுப்பெயருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 'அடிசில்' என்றால் உண்பது, பருகுவது, தின்பது, நக்குவது எல்லாம் அதில் அடங்கும். அதனால் 'அடிசில் அயின்றார்' (உட்கொண்டார்) என்று பொதுவினை கொடுக்கச் சொல்கிறார்கள் உரையாசிரியர்கள். 'இயம்' என்றால் கொட்டுகிற வாத்தியமும் உண்டு, ஊதுகிற வாத்தியமும் உண்டு. ஆகவே 'இயம் இயம்பினார்' (ஒலிக்கச் செய்தார்). ஆங்கிலத்தில் இந்த 'அயின்றார்' வேலையைச் செய்வது 'ஹேவ்'. காலை உணவில் இட்லியும் இருக்கும் காபியும் இருக்கும், அதனால் 'ஹேட் பிரேக்ஃபாஸ்ட்' என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருவது.

ஆக, சிக்கல் உங்கள் இலக்கணத்தில் இல்லை. தமிழ் ஜோடியை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். பெங்களூர் ஆபீசில் இது நன்றாகக் கண்ணில் படும், ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். லக்னோக்காரர் 'ஐ கேவ் தி எக்ஸாம்' என்பார். இந்தியில் பரீட்சையைக் கொடுப்பார்கள். நீங்கள் 'ஐ ரோட் தி எக்ஸாம்' என்பீர்கள். மைசூர்க்காரரும் அதையேதான் சொல்வார், கன்னடத்திலும் பரீட்சை எழுதத்தான் செய்கிறார்கள். லண்டன் கிளையண்ட் 'சிட்' அல்லது 'டேக்' என்பார், அமெரிக்கர் 'டேக்' என்பார். கனடாவில் நம்மைப் போலவே 'ரைட் அன் எக்ஸாம்' சகஜம். இதில் லக்னோக்காரர் நிலைதான் கொஞ்சம் சங்கடம். வெளிநாட்டில் எக்ஸாமை 'கிவ்' பண்ணுகிறவர் வாத்தியார்.

நமக்கும் அதே மாதிரி சங்கடம் 'கிளாஸ் எடுக்கிறேன்' என்பதில் வரும். 'ஐ டேக் கிளாசஸ் ஆன் சண்டேஸ்' என்று நீங்கள் பெருமையாகச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் எதையோ படிக்கப் போகிறீர்கள் என்றுதான் அமெரிக்கர் புரிந்துகொள்வார். 'டீச்' என்று சொல்லிவிடுங்கள். மாத்திரையை 'ஈட்' பண்ணுவதில்லை, 'டேக்'. கனவை 'சீ' பண்ணுவதில்லை, 'ஹேவ்'. ஆக்சிடென்டுக்கும் 'ஹேவ்'தான், 'மேட் அன் ஆக்சிடென்ட்' என்றால் ஏதோ திட்டம் போட்டுச் செய்தது போல ஆகிவிடும். லீவை 'புட்' பண்ண வேண்டாம், 'டேக்' போதும், முறைப்படி என்றால் 'அப்ளை ஃபார்'.

எல்லா இடத்திலும் தமிழ் காலை வாரிவிடும் என்றும் இல்லை. வீடு தீப்பிடித்தது என்போம், ஆங்கிலத்திலும் வீடு 'காட் ஃபயர்', அதாவது 'கேட்ச்'தான். கவனம் செலுத்துகிறோம், வரியும் செலுத்துகிறோம். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே 'பே'. கனமழை அங்கேயும் 'ஹெவி ரெய்ன்'. முடிவு எடுக்கிறோம், பிரிட்டனில் 'டேக் எ டிசிஷன்' செல்லும், அமெரிக்காவில் 'மேக்'. சளியில் மட்டும் ஒரு தமாஷ் உண்டு. பிடிப்பது என்ற வினை இரண்டு மொழியிலும் ஒன்று, ஆனால் தமிழில் சளி நம்மைப் பிடிக்கும், ஆங்கிலத்தில் நாம் போய் அதைப் பிடிக்கிறோம்.

'மேக்' என்றால் உருவாக்குவது, 'டூ' என்றால் வேலை செய்வது என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களில் சொல்லித் தருவார்கள். பாதி தூரம் ஓடும். காபி, லிஸ்ட், சத்தம், வாக்குறுதி எல்லாம் செய்து முடித்ததும் ஒன்று புதிதாக இருக்கிறது, அதனால் 'மேக்'. ஹோம்வொர்க், துணி துவைப்பது, ஆராய்ச்சி எல்லாம் வேலை, அதனால் 'டூ'. அப்புறம் 'மேக் தி பெட்' என்று படுக்கையை ஒழுங்குபடுத்துவது வரும், 'டூ டேமேஜ்' வரும், விதி அங்கேயே படுத்துவிடும். இந்த வினைகளுக்குச் சொந்தப் பொருள் ரொம்ப மெலிசு. டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் 1942-இலேயே இவற்றுக்கு 'லைட் வெர்ப்' என்று பேர் வைத்துவிட்டார். எடை முழுவதும் பெயரில்தான் இருக்கிறது.

பின்னே எதற்கு இவை? 'லுக்' என்றே சொல்லலாமே, 'டேக் எ லுக்' எதற்கு? நடுவில் ஒரு பெயரடை உட்கார இடம் கிடைக்கிறது என்பது முக்கியக் காரணம். 'டேக் எ குவிக் லுக்', 'ஹேட் எ லாங் டாக்', 'மேட் எ ஸில்லி மிஸ்டேக்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த அடையையும் பெயர்தான் தேர்ந்தெடுக்கும். மொழியியலாளர் ஹாலிடே காட்டிய உதாரணம் பிரசித்தம்: தேநீர் 'ஸ்ட்ராங்', கார் 'பவர்ஃபுல்'. மாற்றிப் போட்டால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம் பெங்களூர் தர்ஷினி ஹோட்டல்களில் கேட்கும் 'ஸ்ட்ராங் காபி' அசல் ஆங்கிலமே. 'லைட் டீ' அங்கே 'வீக் டீ' ஆகிவிடும். டெட்லைன் 'டைட்'டாக இருக்கும், அதை 'மீட்' பண்ணலாம் அல்லது 'மிஸ்' பண்ணலாம். டிராஃபிக் 'ஹெவி', பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்பவருக்கு இதை விளக்க வேண்டாம்.

இனி 'பிகேம் டவுன்' விஷயம். வினையும் பெயரடையும் சேரும் இந்த இடத்தில்தான் தமிழர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். டாக்குமெண்ட் திருத்துவதே என் பிழைப்பு என்பதால் இதைத் தினமும் பார்க்கிறேன். காரணம் சுலபமானது. ஒரு பொருளின் நிலை மாறினால் தமிழ் அதற்கென்று தனி வினை வைத்திருக்கிறது. பால் திரியும், சோறு ஊசும், தயிர் புளிக்கும், பழம் அழுகும், தலை நரைக்கும், கால் மரக்கும். ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே 'கோ'வை வைத்துக்கொண்டு பெயரடையை மாற்றும். பால் 'கோஸ் சோர்', சோறு 'கோஸ் பேட்', ரொட்டி பூசணம் பூத்தால் 'கோஸ் மோல்டி', தலை 'கோஸ் க்ரே', கால் 'கோஸ் நம்'. நமக்குத் தனிச்சொல் ஞாபகம் வராதபோது 'ஸ்பாயில்ட்' என்று ஒன்றைப் போட்டுவிடுவோம், இல்லாவிட்டால் 'பிகேம்'. 'டயர்ட் ஆயிட்டேன், டல் ஆயிடுச்சு' என்று ஆங்கிலப் பெயரடைக்குப் பின்னால் 'ஆகு' சேர்த்தே பேசிப் பழகியதால், அந்த 'ஆகு' எழுத்தில் 'பிகேம்' ஆகிவிடுகிறது.

ஆனால் இதில் நமக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பேச்சில் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள்: சோறு ஊசிப்போச்சு, பழம் கெட்டுப்போச்சு, கால் மரத்துப்போச்சு, பயந்துபோனான், நொந்துபோனேன். வேண்டாத பக்கம் நகர்ந்தால் தமிழும் 'போ'வைத்தான் கூட்டிக்கொள்கிறது. நல்லது நடந்தால்? கல்யாணம் கூடி வந்தது, மயக்கம் தெளிந்து சுயநினைவுக்கு வந்தார், பையன் வழிக்கு வந்தான். ஆங்கிலமும் இதே ரோட்டில்தான் ஓடுகிறது. 'வென்ட் மேட்', 'வென்ட் பேங்க்ரப்ட்', 'வென்ட் ராங்' ஒரு பக்கம். 'கேம் ட்ரூ', 'கேம் அலைவ்', 'கேம் டு ஹிஸ் சென்சஸ்' இன்னொரு பக்கம். ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1974-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இயல்பு நிலையை, அதாவது நாம் நிற்கிற இடத்தை, நோக்கி வருவது 'கம்'. அதைவிட்டு விலகுவது 'கோ'. உங்கள் சர்வர் இரண்டு மணிக்கு 'வென்ட் டவுன்', மூன்று மணிக்கு 'கேம் பேக் அப்' என்று லீட் திருத்தியதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

முழுக்க இதை நம்பிவிடவும் வேண்டாம். நட்டு கழன்றால் 'கேம் லூஸ்', அது நல்லது இல்லை. 'கோ லைவ்', 'கோ பப்ளிக்', 'கோ வைரல்' என்பவற்றில் கெட்டது ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தது வெளியே போகிறது, அவ்வளவுதான். 'கோ' கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் சொல்லும்: 'மை மெயில் வென்ட் அன்ஆன்சர்ட்'. சும்மா கிடக்கும் மெஷினுக்கு 'லைஸ் ஐடில்', இங்கே 'லை' நம் 'கிட'வேதான்.

மற்ற வினைகளுக்கும் ஒரு குணம் உண்டு. 'ஃபால்' நம் கட்டுப்பாட்டில் இல்லாமல், சடாரென்று நடப்பதற்கு: 'ஃபெல் அஸ்லீப்', 'ஃபெல் இல்', கூட்டம் கப்சிப் என்று அடங்கினால் 'ஃபெல் சைலன்ட்'. 'க்ரோ' மெதுவாக நடப்பதற்கு: 'க்ரூ ஓல்ட்', 'க்ரூ இம்பேஷன்ட்'. 'டர்ன்' நிறம் மாறுவதற்கும் போக்கு மாறுவதற்கும்: இலை 'டர்ன்ட் யெல்லோ', ஊர்வலம் 'டர்ன்ட் வயலன்ட்'. கையிருப்பு தீர்ந்தால் 'ரன்': 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றியபோது ஆங்கிலச் செய்திகளில் 'ரன் ட்ரை', 'கோ ட்ரை' இரண்டும் புழங்கின. பேச்சு வழக்கில் பாதிக்கு மேல் 'கெட்' பார்த்துக்கொள்ளும்: 'காட் வெட்', 'காட் லாஸ்ட்', 'காட் மேரீட்'. சந்தேகமாக இருக்கும்போது பேச்சில் 'கெட்' போடுங்கள், பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 'காட் டென்ஸ்' என்று சொல்லுங்கள், 'டென்ஸ்ட்' வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு இடறல், 'ஸ்மெல்ஸ் நைஸ்லி', 'லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' வகை. தமிழில் 'கோபமாக இருந்தான்', 'கோபமாகப் பார்த்தான்' இரண்டுக்கும் ஒரே 'ஆக'. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கும். ஆள் எப்படித் தெரிந்தான் என்றால் பெயரடை: 'ஹி லுக்ட் ஆங்ரி'. பார்த்த விதம் எப்படி என்றால் வினையடை: 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் மீ'. 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்', 'சவுண்ட்' நான்குக்கும் இதே கணக்கு. சாம்பார் 'டேஸ்ட்ஸ் குட்'.

உங்கள் துறைக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஜோடிக் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. புரோகிராம் ஓடும்போது வரும் பிழையை, அதாவது எக்செப்ஷனை, ஜாவாவில் 'த்ரோ' பண்ணுவீர்கள், பைத்தானில் 'ரெய்ஸ்' பண்ணுவீர்கள். இரண்டும் ஒரே காரியம். ஜாவாவில் 'ரெய்ஸ்' எழுதினால் கம்பைலர் ஏற்காது, நீங்களும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. டிக்கெட்டை 'ரெய்ஸ்', பக்கை 'ஃபிக்ஸ்', பில்டை 'ரன்', கோடை 'புஷ்' என்று சரளமாகச் சொல்கிறீர்கள். இவற்றில் ஒன்றைக்கூடத் தமிழிலிருந்து மொழிபெயர்க்கவில்லை, பெயரோடு சேர்த்தே கற்றுக்கொண்டீர்கள். 'மிஸ்டேக்' மட்டும் ஏன் தப்பாகிறது? அதைப் பள்ளியில் 'தவறு' என்ற ஒற்றைச் சொல்லாக மனப்பாடம் செய்தீர்கள், அதனால்தான்.

சில வினைகளுக்குச் சகவாசம் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'காஸ்' (ஒன்றை விளைவிப்பது) பக்கத்தில் வருவது பெரும்பாலும் 'டேமேஜ்', 'டிலே', 'ப்ராப்ளம்', 'கன்சர்ன்'. மொழியியலாளர் மைக்கேல் ஸ்டப்ஸ் 1995-இல் பெரிய சொல்தொகுப்புகளை, அதாவது நிஜப் புழக்கத்திலிருந்து திரட்டிய ஆங்கிலத்தை, அலசி இதைக் காட்டினார். ஆகவே 'திஸ் அப்டேட் காஸ்ட் இம்ப்ரூவ்மென்ட்' என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் படிப்பவருக்கு எங்கோ இடிக்கும். 'லெட் டு' அல்லது 'ப்ராட்' போடுங்கள்.

எப்படித் தேடுவது? முதலில் ஒரு பழைய கதை. ஆங்கிலேயர்கள் சொந்த மொழியில் இந்த ஜோடிகளைப் பற்றி யோசிக்க அவசியமே வரவில்லை. யோசித்தவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்கள். டோக்கியோவில் இருந்த ஹெரால்ட் பாமர் 1933-இல் ஆங்கில ஜோடிகளைத் திரட்டி ஓர் அறிக்கையே வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஹார்ன்பி தன் சகாக்களோடு 1942-இல் டோக்கியோவில் கொண்டுவந்த அகராதிதான், பிறகு ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் வெளியிட்டு இன்றுவரை நம் அலமாரிகளில் இருக்கும் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. 'ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத் தெரிந்துகொள்' என்ற பொருளில் 1957-இல் எழுதிய மொழியியலாளர் ஃபர்த்தும் முன்பு லாகூரில் பேராசிரியராக இருந்தவர்தான்.

இந்த ஜோடிகளுக்கு ஆங்கிலத்தில் காலொகேஷன் என்று பேர். இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஆக்ஸ்ஃபோர்டு காலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி. முதல் பதிப்பு 2002. அதில் 'மேக்'கைத் தேடாதீர்கள், 'டிசிஷன்' என்ற பெயரைத் திறங்கள். முன்னால் வரும் அடைகள், வினைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். இணையத்தில் ஸ்கெல் என்ற இலவசக் கருவி உண்டு; பெயரைக் கொடுத்தால் அதோடு வரும் வினைகளை நிஜ வாக்கியங்களோடு காட்டும். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க ஆங்கிலத்துக்கு கோக்கா என்ற சொல்தொகுப்பு, 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ், 10 கோடி. இந்திய ஆங்கிலத்துக்கும் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் 1978-ஆம் ஆண்டு எழுத்துகளிலிருந்து 10 லட்சம் சொற்களில் ஒரு தொகுப்பு உருவாக்கினார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பொக்கிஷம், உங்கள் மெயிலுக்கு அது வேண்டியதில்லை.

நோட்டில் குறிக்கும்போது 'டிசிஷன் - முடிவு' என்று எழுதாதீர்கள். 'ரீச்ட் எ டிசிஷன் ஆஃப்டர் டூ மீட்டிங்ஸ்' என்று, யாரோ உண்மையில் எழுதிய வாக்கியத் துண்டாக எழுதுங்கள். அதற்கான சரக்கு உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கிறது. கிளையண்ட் அனுப்பும் மெயில்களை, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் என்ன வினை வருகிறது என்று மட்டும் பார்த்துப் படியுங்கள்.

கடைசியாக, லீட் திருத்துவதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 'மிஸ்டேக்', 'வென்ட் டவுன்' இரண்டையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். 'டூ தி நீட்ஃபுல்' தப்பு இல்லை, பிரிட்டிஷ் கால ஆபீஸ் கடிதங்களில் இருந்து வந்தது. இங்கே எல்லோருக்கும் புரியும், வெளியில் பழைய வாடை அடிக்கும். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடலாம். 'பாஸ்ட் அவுட் இன் 2021' மட்டும் ரெஸ்யூமேயில் கூடவே கூடாது, வெளிநாட்டவர் மயக்கம் போட்டு விழுந்தீர்கள் என்று படிப்பார். 'கிராஜுவேட்டட்' என்று மாற்றுங்கள். 'புட் எ மெயில்' கிளையண்டுக்குப் போகும் எழுத்தில் வேண்டாம். கேன்டீனில் டீம்காரர்களிடம் பேசும்போது யாரும் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை, உங்கள் லீட்கூட அங்கே அப்படித்தான் பேசுவார்.